இளவரசு மாற்றிய ஒரு வரி

சத்தியம், சத்தியம், மூணு தரம் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் பல்செட்டு கெடில ஆற்றில் விழுந்து கடலுக்கே போகட்டும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே ஒன்பது வருஷமாக வேலை பார்ப்பவன் இளவரசு. ஒருநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, வெண்மதியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரே ஒரு வரியை மாற்றினான்.

ஏன்? வயிற்றெரிச்சல்தான்.

வெண்மதி புவனகிரிப் பெண். சேர்ந்து ரெண்டே வருஷம். அவள் தும்மினால்கூட முதலாளி ராஜமாணிக்கம், "பாருங்கப்பா, எவ்ளோ கரெக்டா தும்முது அந்தப் பொண்ணு!" என்பார். அதைக் கேட்டு இளவரசு உடம்பில் கிளம்பிய சூட்டில் ஏசியே ரெண்டு தடவை நின்றுபோனது. சிரிக்காதீங்க, மெக்கானிக் வந்து பார்த்தான்.

சிதம்பரத்தில் புது ஆபீஸ் திறப்பதாக ஏற்பாடு. ஏழு ரத்தப் பரிசோதனை லேப் நடத்தும் டாக்டர் தமிழ்ச்செல்விதான் அங்கே முதல் வாடிக்கையாளர்.

"டாக்டரம்மா முன்னாடி யாரு கட்டுன டேட்டாபேஸ் நல்லா ஓடுதோ, அவுங்கதான் சிதம்பரத்துக்கு இன்சார்ஜ்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இளவரசுக்கு சிதம்பரம்தான் சொந்த ஊர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். அம்மா பட்டம்மாள் இடுப்பு ஒடிந்து படுக்கையில். உள்ளூரில் வேலை என்றால் மத்தியானம் ஓடிப்போய் அந்த அம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்கலாம். தன் டேட்டாபேஸைப் பாதியில் விட்டு, அம்மாவுக்காக அஞ்சு நாள் லீவு போட்டுவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தான்.

வந்து பார்த்தால், வெண்மதியின் கம்ப்யூட்டரில் 'சிதம்பரம்' என்று ஒரு ஃபோல்டர். டேட்டாபேஸ் முழுசாக ரெடி!

"என்னம்மா, ரெண்டு கம்பைலரைக் கலந்து கட்டியிருக்க?"

"ஆமாண்ணே. மெயின் பூரா ஒண்ணு, ஜிட்டுக்கு மட்டும் இன்னொண்ணு. வெர்ஷன் பொருந்திடுச்சு. ஜோரா ஓடுது!"

அந்த 'ஜோரா'தான் அவன் நெஞ்சில் மிளகாயை அரைத்தது.

நாம் எழுதுவதை மெஷின் பாஷைக்கு மாற்றுவது கம்பைலர். டேட்டாபேஸில் சின்னச் சின்னக் கேள்விக்கெல்லாம் முன்னாடியே அவித்து வைத்த இட்லி மாதிரி பதில் வரும். பெரிய கேள்வி வந்தால், அந்த நிமிஷமே கல்லைப் போட்டு தோசை ஊற்ற வேண்டும். அதுதான் ஜிட். தோசைக்கு மாவு அரைப்பது ரெண்டாவது கம்பைலர். மாவு கல்லோடு ஒத்துப்போகாவிட்டால் கடையே சாய்ந்துவிடும். ஆனால் இட்லி மட்டும் கேட்கிறவரை யாருக்கும் தெரியாது!

இளவரசு மாற்றியது அந்த ரெண்டாவது கம்பைலரின் வெர்ஷனைத்தான். மறுபடி கட்டினான். சின்னதாக நாலு கேள்வி கேட்டுப் பார்த்தான். டக் டக்கென்று பதில். எழுந்துபோய்க் கை கழுவினான்.

மறுநாள் காலை, சிதம்பரம். டாக்டரம்மா எதிரே நாற்காலியில் ராஜமாணிக்கம், பக்கத்தில் இளவரசும் வெண்மதியும்.

"மேடம், இது எங்க இளவரசு கட்டுனது."

இளவரசு நிமிர்ந்தான். "சார்... அது வெண்மதி..."

"சும்மா இருப்பா. தன்னோடத போட்டிக்கே வைக்கலன்னு வெண்மதி சொல்லிடுச்சு. நீ பாதியில விட்டுட்டு லீவுல போனல்ல, அதைத்தான் உன் பேர்ல முடிச்சு வெச்சிருக்கு. அண்ணன் அம்மா பக்கத்துல இருக்கட்டும் சார்னு எங்கிட்ட ஒரே சண்டை."

இளவரசு மெல்ல நகர்ந்து கம்ப்யூட்டர் பக்கம் போய் நின்றான்.

"பத்து வருஷத்துல எந்தெந்த ஊர்ல சுகர் ஜாஸ்தியாயிருக்கு? ஊர்வாரியா காட்டுங்க பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

"மேடம், சின்னதா ஒண்ணு கேட்டுப் பாக்கலாமே..." என்று இழுத்தான் இளவரசு.

"எதுக்குண்ணே பயம்?" என்று வெண்மதியே பட்டனைத் தட்டினாள்.

தட்டியதுதான் தாமதம், டேட்டாபேஸ் பொத்தென்று விழுந்தது.

முதலாளி முகம் சுண்டிப்போனது. வெண்மதி குனிந்து அந்த ஃபைலைத் திறந்தாள். மாற்றிய வரியையும், மாற்றிய நேரத்தையும் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுது மேடம். ரெண்டு கம்பைலரைக் கலக்குறப்ப வெர்ஷனை நான்தான் கோட்டை விட்டுட்டேன். அண்ணன் சரியாத்தான் எழுதி வெச்சிருந்தார். கொஞ்சம் டைம் கொடுங்க."

ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சரிசெய்துவிட்டாள். கேட்டதெல்லாம் வந்தது. டாக்டரம்மாவுக்குத் திருப்தி. "பாத்துச் செய்யக் கூடாதாம்மா?" என்று முதலாளி முதல்முறையாக வெண்மதியைக் கடிந்துகொண்டார். இளவரசு சிதம்பரத்துக்கு இன்சார்ஜ்!

வெளியே வந்து கடலூர் பஸ் ஏறும்போது வெண்மதி திரும்பினாள்.

"அண்ணே, நேத்து ஒண்ணு இருவதுக்கு எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. நீங்க மட்டும் போவல போலிருக்கே. இனிமே நேரத்துக்குச் சாப்பிடுங்க. அம்மாவையும் பாத்துக்குங்க."

பஸ் கிளம்பிப் போய்விட்டது.

இப்போது இளவரசு தினமும் மத்தியானம் அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்கிறான். "முன்னாடி அவ வேலையைப் பாத்துதான் வயிறு எரிஞ்சுது மாமா. இப்ப அவ மனசைப் பாத்து எரியுது. இதுதான் ஜாஸ்தியா எரியுது" என்று என்னிடம் புலம்புகிறான்.

மாமா என்று கூப்பிட்டானா? ஆமாம், பட்டம்மாள் என் கூடப்பிறந்தவள்தான். அதனால யார் சொன்னதுன்னு எவராவது கேட்டா, பஸ்ல பக்கத்து சீட்டுல பேசிக்கிட்டாங்கன்னு சொல்லிடுங்க. என் பேர் மட்டும் வேணாம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!