லேசான வண்டி வேண்டாம்

“இது வேணாம் பாய். ரொம்ப லேசா இருக்குது” என்று சொல்லி, கையில் தூக்கிப் பார்த்த சைக்கிளைக் கீழே வைத்தார் கங்கப்பன்.

பாகலூர் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த சாந்த் பாஷாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. தடித்த டயரும் கியரும் வைத்த மலைச் சைக்கிள்கள் ஓசூர்க் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கனமாக இருக்கிறது என்றுதான் குறை சொல்வார்கள். லேசாக இருக்கிறது என்று ஒதுக்கிய முதல் ஆள் இவர்தான்.

“ரேஸுக்குன்னுதானே கேட்டீங்க அண்ணா? அதுக்கு லேசா இருந்தாத்தான் நல்லது. ஒரு மிதி மிதிச்சா பறக்கும்.”

“பறக்கறதெல்லாம் வேணாம் பாய்” என்றாள் பக்கத்தில் நின்ற கங்கப்பனின் மனைவி சென்னம்மா. “கனமா, திடமா ஒண்ணு காட்டுங்க.”

கங்கப்பன் சிப்காட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டர். நாற்பதைத் தாண்டியவர். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மீசை. பேச்சை மனைவியிடம் விட்டுவிட்டு, வண்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரேஸ் யாரு நடத்தறாங்க அக்கா?”

“இவரு கம்பெனிதான். ஆண்டு விழா வருது இல்ல? மூணு வருஷமா எங்க அண்ணன் ஆஞ்சப்பன்தான் கப்பு வாங்கறாரு. அவரும் அங்கதான், பெயிண்ட் செக்‌ஷன். கப்பையெல்லாம் டிவி மேல வரிசையா வெச்சிருக்காரு. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம், ‘எங்க மாப்பிள்ளைக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது’ன்னு சொல்லிச் சிரிக்கிறாரு.”

“அடடா.”

“அதோட விட்டாப் பரவாயில்லையே. இவருக்கு ரோஷம் வந்து, ‘இந்த வருஷமும் தோத்தா மீசைய எடுத்துடறேன்’னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. கல்யாணத்துல இருந்து இந்த மீசையோடதான் பாத்துட்டு இருக்கேன். அது இல்லாம எப்பிடி இருப்பாருன்னு நெனைச்சாலே பயமா இருக்குது.”

“எனக்கும்தான்” என்றார் கங்கப்பன், மீசையைத் தடவிக்கொண்டே.

சாந்த் பாஷாவும் மீசைக்காரர்தான். அதுவரை வியாபாரமாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு இப்போது சொந்த விஷயம் போல ஆகிவிட்டது. உள்ளே இருந்து புதிதாக ஒரு வண்டியை உருட்டி வந்து நிறுத்தினார்.

“இதப் பாருங்க அண்ணா. டாப் கியர் போட்டு மிதிச்சீங்கன்னா, உங்க மச்சான் பின்னாடி புழுதியத்தான் பாப்பாரு.”

“டாப் கியர் இருக்கட்டும். இருக்கறதுலயே கீழ் கியர் எது?”

“ஓ, ஏத்தம் ஏறறதுக்குக் கேக்கறீங்க. இந்தா, இதுல போட்டா செங்குத்தாக்கூட ஏறலாம்.”

கங்கப்பன் குனிந்து பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை வெகுநேரம் பார்த்தார். முகம் தெளிந்தது. “பிரேக்கு?”

“இறக்கத்துல பிடிக்கணுமே, அதான் கேக்கறீங்க? விரல் வெச்சா நிக்கும்.”

“டயரு இன்னும் தடிப்பா கிடைக்குமா?”

“கல்லு, முள்ளு எல்லாம் தாங்கணும். புரியுது அண்ணா, புரியுது.” சாந்த் பாஷா மூலையில் கிடந்த இன்னும் தடித்த டயர்களில் இரண்டை எடுத்து மாட்டிக் கொடுத்தார். வண்டி எருமைக்கன்று போல நின்றது. கங்கப்பன் தூக்கிப் பார்த்தார், மூச்சு வாங்கியது. முதன்முறையாகச் சிரித்தார்.

“ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா?”

“தாராளமா. பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ட்டு வாங்க.”

அவர் கிளம்பியதும் ஒருவர் பெல் வாங்க வந்தார். நாலைந்து பெல்லை அடித்துப் பார்த்து, பேரம் பேசி, ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் போனபின் சாந்த் பாஷா வாசலுக்கு வந்தார். பெட்ரோல் பங்க் பக்கம் பார்த்தார். கங்கப்பனைக் காணோம்.

பிறகுதான் தெரிந்தது, கங்கப்பன் இன்னும் பக்கத்துக் கடையைத் தாண்டவில்லை.

ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வேர்த்து ஊற்ற, அவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனில் கை வைத்து, “ஹோக்ரி சாமி, ஹோக்ரி” என்று கன்னடத்தில் போகச் சொல்லி அவசரப்படுத்தினார். கீரைக் கூடையைத் தலையில் வைத்திருந்த ஒரு அம்மாள் கங்கப்பனைச் சாவகாசமாகத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் திரும்பி, பாவம் என்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

சாந்த் பாஷா சென்னம்மா பக்கம் திரும்பினார். பேசாமல் விற்றுவிடலாம். ஆனால் ஒருவரின் மீசை போகக் காரணமாக இருக்க அவருக்கு மனம் வரவில்லை.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. வண்டி வித்தா எனக்கு லாபம்தான். ஆனா மனசு கேக்கல. அண்ணன் இந்த ரேஸுக்குப் போக வேணாம்.”

“ஏன் பாய்?”

“நீங்களே பாருங்க. மத்தவங்க எல்லாம் ஓட்டி முடிச்சு, டீ குடிச்சு, தம்ளரக் கழுவி வெச்சிருப்பாங்க. இவரு அப்பவும் பாதி தூரத்துலதான் இருப்பாரு.”

சென்னம்மாவின் முகம் மலர்ந்தது. “நெசமாவா சொல்றீங்க?”

“சத்தியமா. உங்க அண்ணன் பக்கத்துலகூட இவரால வர முடியாது.”

“அப்போ இந்த வண்டியே இருக்கட்டும்” என்றாள் சென்னம்மா. “கால ஊனாம கடைசியா வர்றவருக்குத்தான் பாய் கப்பு, போன வருஷம் இவரு அவசரப்பட்டு முதல் ஆளா வந்துதான் மானமே போச்சு.”