பன்னிரண்டாவது வளையம்

நூலகத்தில் இருந்தவர்கள்: நூலகர் கிருஷ்ணப்பன், செவிலியர் பூங்கொடி, மேட்ரன் சரசம்மா, சக்கரக் கட்டிலில் மல்லாந்து நான், என் இடுப்புக்குக் கீழே காற்றடைத்த ஒரு ரப்பர் வளையம்.

வளையத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். கூட்டமே அதற்காகத்தான்.

நான் இந்த மருத்துவமனைக்கு வந்தது நைட் ஷிப்ட் பிடிக்காமல். ஓசூரில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு கேட்டுக்கு வெளியே வந்தேன். பகல் ஷிப்ட் ஆட்களை ஏற்றி வந்த பஸ் இடித்தது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் போனது.

நாற்பது நாளாக வளையத்தின் மேல் கிடக்கிறேன். அதன் ஓட்டைக்கு நேரே சதை கறுத்து, உடைந்து, இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் புண். எலும்பைத் தொட்டுவிட்டால் பெங்களூருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த வளையம்தான் புண்ணை வளர்க்கிறது என்று பூங்கொடி ஒரு கட்டுரையில் படித்திருந்தார். ஒருநாள் உருவிவிட்டார். மறுநாள் மெமோ வந்தது.

செய்முறைக் கையேட்டில் வளையம் என்று இருக்கிறது. கையேட்டை மாற்ற ஆய்வுக்கட்டுரை வேண்டும். கட்டுரையில் நூலக முத்திரை வேண்டும். பூங்கொடியின் போனில் இருந்த கட்டுரைக்கு முத்திரை இல்லை.

சரசம்மாவுக்கு வளையத்தின் மேல் ஒரு வெறி. அலமாரியில் அது சும்மா கிடக்கக் கூடாது, வார்டே அதிரும். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. நான் வரும்வரை அது கட்டில் கட்டிலாகச் சுற்றியதாம். கை முறிந்து வந்தவனுக்கும் வளையம். கண் ஆபரேஷனுக்கு வந்த பாகலூர்க்காரருக்கும் வளையம். அவர் மூன்று வேளையும் அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டாராம்.

கிருஷ்ணப்பன் முப்பது வருஷம் தொழிற்சாலையில் கருவி ஸ்டோர் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் அதே முதலாளி தன் மருத்துவமனையின் நூலகத்தை அவரிடம் கொடுத்தார். இவர் ஸ்டோர் சட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

தேய்ந்த டிரில் பிட்டைக் கொடுத்தால்தான் புது டிரில் பிட். தேய்ந்த முறையைக் கொடுத்தால்தான் புது முறை.

பிரஸ் ஷாப்பில் எங்களுக்கும் இதே சட்டம்தான். புதுசு வேண்டுமென்றால் பழசைச் சாணைக்கல்லில் கொஞ்சம் உரசிக் கொண்டுபோவோம்.

கட்டுரைகள் எல்லாம் கம்பி வலைக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறையில், வந்த அன்று இருந்தபடியே இருந்தன.

பழசைக் கொண்டுவாருங்கள் என்றார் கிருஷ்ணப்பன், பூங்கொடியிடம். பழசு என் அடியில் இருந்தது. எடுத்தால் இன்னொரு மெமோ. அதனால் என்னையும் சேர்த்து லிஃப்ட்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மேட்ரன் உடன் வந்தார். எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது.

என்னை ஒருக்களிக்க வைத்தார்கள். கிருஷ்ணப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வளையத்தைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி அமுக்கிப் பார்த்தார். புண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது ஸ்டோர் சாமான் இல்லை.

“இன்னும் ரெண்டு மாசம் தாங்கும் சிஸ்டர். தேயட்டும், அப்புறமா வாங்க.”

“வளையம் தாங்கும் சார். இவரு தாங்கணுமே.”

பூங்கொடி, ஊசியால் ஒரு குத்து குத்திவிடட்டுமா என்று கேட்டார். குத்தினால் அது சேதம், விசாரணை வரும். தானாகப் போனால்தான் தேய்மானம் என்று கிருஷ்ணப்பன் பொறுமையாக விளக்கினார். கோபமே இல்லாத மனிதர். அதுதான் பயமாக இருந்தது.

கேட்டுக் கிடைக்கவில்லை என்பதற்கும் கையெழுத்து வேண்டும் என்று பதிவேட்டை நீட்டினார். பூங்கொடி பேனாவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, வாய்விட்டுப் படித்தார்.

அதே கட்டுரை. ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. கேட்டவர்: சரசம்மா. குறிப்பு: பழையவை பன்னிரண்டும் நல்ல நிலையில் உள்ளன. தேய்ந்த பின் வரவும்.

அதன் கீழே சரசம்மாவின் கையெழுத்தோடு பதினொரு வரி.

வளையம் ஒன்று, தேய்மானம். வளையம் ஒன்று, தேய்மானம்.

சரசம்மா சுவரில் இருந்த ‘ஆதாரமே செவிலியத்தின் கண்’ என்ற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பாகலூர்க்காரர் ஞாபகம் வந்தது. ஆள் நூறு கிலோவுக்குக் குறையாது என்று வார்டில் சொல்வார்கள்.

சாப்பாட்டு நேரம், எல்லாரும் கிளம்புங்கள் என்றார் கிருஷ்ணப்பன். என்னை மறுபடி வளையத்தின் மேல் மல்லாத்தினார்கள். வலித்தது. பூங்கொடி கட்டிலைத் தள்ளினார்.

வாசல் தாண்டியதும் சரசம்மா குனிந்து என் போர்வையைச் சரிசெய்தார். மடித்த ஏதோ ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“நைட் ஷிப்ட் பாத்தவன்தானே கண்ணு நீ?”

போர்வைக்குள் விரலால் தடவினேன். உப்புத்தாள். பாதி ஏற்கெனவே வழவழவென்று தேய்ந்திருந்தது.

என் தலைக்குப் பின்னால் கிருஷ்ணப்பன் கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.