நெஞ்சில் பட்ட பந்து

நெட்டை தன் வலது கையைத் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தான். கை குலுக்க வந்தவர்களுக்கெல்லாம் இடது கையை நீட்டினான்.

"அடி பலமாடா?" என்று பதறினார் கோச்.

"லேசா சுளுக்கு சார்."

சுளுக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தக் கையை நாலு பேர் முன்னால் வெளியே எடுக்க அவனுக்குக் கூசியது.

கல்லூரிக் கால்பந்து அணிக்கு இந்த சீசனில் இன்று கிடைத்ததுதான் முதல் வெற்றி, கடைசி வெற்றியும் இதுதான். மற்றதெல்லாம் தோல்வி, அதுவும் சாதாரணத் தோல்வி இல்லை. கேன்டீனில் போய் நின்றால், "இன்னிக்கு எத்தனை வாங்கினீங்க?" என்று டீ மாஸ்டரே நக்கலடிப்பார். அணிப் பையன்கள் பனியனைப் பைக்குள் திணித்துக்கொண்டு பின்வாசல் வழியாக வகுப்புக்குப் போய்வந்தார்கள்.

போன வாரம் பிரின்சிபால் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். கடைசி மேட்சையாவது ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அணியும் கிடையாது, கோச்சுக்கு வேலையும் கிடையாது.

கோச் இந்த வருஷம்தான் வந்து சேர்ந்தவர். வீட்டுக் கதையை மைதானத்துக்குக் கொண்டுவராத மனுஷன். இத்தனை தோற்றும் ஒருவனைக்கூட வாய் தவறித் திட்டியதில்லை. "விடு, அடுத்ததுல பாத்துக்கலாம்" என்று முதுகில் தட்டுவார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று நெட்டைக்குத் தோன்றும்.

கடைசி மேட்ச் யாரோடு? சீசன் முழுக்கத் தோல்வியையே பார்க்காத அணியோடு. அவர்களுடைய கோல்கீப்பரைத் தாண்டிப் பந்து உள்ளே போவது குதிரைக் கொம்பு.

"அவனுக்கு இடது பக்கமா அடிங்கடா. தூக்கத்துலகூட வலது பக்கம்தான் புரளுவான்" என்றார் கோச். பையன்கள் சிரித்துக்கொண்டே மைதானத்தில் இறங்கினார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கார்னரிலிருந்து பறந்து வந்த பந்துக்கு நெட்டை எம்பினான். அவ்வளவு உயரம் இருந்தும் தலைக்கு எட்டவில்லை. கையால் தட்டிவிட்டான். பந்து வலைக்குள் போய் விழுந்தது.

நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோனார், யோசித்தார், கீப்பரிடம் போய் ஏதோ கேட்டார். பிறகு கோல் என்று கையைக் காட்டினார்.

நெட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவனோ எப்போது கீழே இறக்கிவிடுவார்கள் என்று தவித்தான். கை தானாகப் போய்விட்டது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். பொய். எட்டாது என்று தெரிந்துதான் நீட்டினான். கோச் அவனைக் கட்டிப்பிடித்து, "மானத்தைக் காப்பாத்திட்டடா" என்றபோது அழுகையே வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் நேராக நடுவரிடம் போனான். அவர் தன் காரில் சாய்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், அது கோல் இல்ல. பந்து என் கையில பட்டுச்சு."

நடுவர் ஒற்றை ஷூவோடு நிமிர்ந்தார். "எனக்கும் சந்தேகம்தான்ப்பா. நடுவுல ஆளுங்க மறைச்சுக்கிட்டாங்க. அதான் கீப்பர்கிட்டயே கேட்டேன். நெஞ்சுல பட்டுச்சுன்னு அடிச்சு சொன்னான். கோல் வாங்கினவனே சொல்றப்போ நான் என்ன பண்றது?"

"இப்ப மாத்த முடியாதா சார்?"

"நான் இன்னும் ரிப்போர்ட் அனுப்பல. நீயும் அவனும் சேர்ந்து வந்து சொல்லுங்க. மேல அனுப்பிப் பாக்கறேன்."

நெட்டைக்கு இன்னும் கேவலமாக இருந்தது. பாவம் அந்தக் கீப்பர், கண்ணில் படாததை நெஞ்சில் பட்டதாக நம்பி ஒரு நல்லவன் ஏமாந்திருக்கிறான்.

எதிரணி அறையை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. "கண்ணை எங்கடா வச்சிருந்த? ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்துட்டியேடா!" அவர்களுடைய கேப்டன் கத்திவிட்டு வெளியே வந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். கீப்பர் மட்டும் மூலையில் கையுறையைக்கூடக் கழற்றாமல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

நெட்டை உள்ளே போய்த் துண்டை உருவிப் போட்டான். "ப்ரோ, உங்களைத் திட்டினதைக் கேட்டேன். தப்பு உங்க மேல இல்ல. பந்து இந்தக் கையிலதான் பட்டுச்சு."

கீப்பர் நிமிரவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"என் மூக்குக்கு முன்னாடிதானே தட்டினீங்க."

நெட்டை அவன் கையைப் பிடித்து இழுத்தான். "அப்புறம் எதுக்கு நெஞ்சுன்னு சொன்னீங்க? எந்திரிங்க, ரெஃப்ரிகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்."

"சொன்னா உங்க கோச்சுக்கு வேலை போயிடும்."

"போகும்தான். ஆனா இப்படி ஜெயிச்சுட்டு அவர் முகத்துல எப்படிங்க முழிக்கிறது?"

கீப்பர் எழுந்து கதவைச் சாத்தினான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"எனக்கு மட்டும் வெக்கமா இல்லையா? இனிமே என் டீம்காரங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஆனா அவரை வேலை இல்லாம உட்கார வச்சுட்டு என்னால வீட்டுக்குப் போக முடியாதுங்க."

"எங்க கோச்சுக்கும் உங்க வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவர் எங்கப்பா."