அவரைக்கொடி மடித்த இலை

1987 ஆவணியில், காய்கறி நாற்று விற்கும் செண்பகவடிவு சொல்லக் கேட்ட கதை இது.

ஓர் அவரைக்கொடியில் அசுவினிப் பூச்சிகள் அப்பிச் சாறு உறிஞ்சின. அவற்றைத் தின்னவென்றே பொறிவண்டின் குஞ்சுப்புழு ஒன்று வந்து சேர்ந்தது. அதற்குக் கறுத்து முள்ளடர்ந்த உடம்பு. அசுவினி சுரக்கும் இனிப்புக்காகக் காவல் நின்ற எறும்பு, கொடியிடம், "இந்தச் சின்னஞ்சிறுசுகள் பாவம். உன்னை உறிஞ்சுகிறவன் அந்த முள்ளன்தான். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா?" என்றது. கொடி நம்பிவிட்டது.

ஒருநாள் காலை வீட்டுக்காரி, பூண்டும் மிளகாயும் அரைத்துக் கரைத்த நீரோடு வந்தாள். நெடி பட்டதுமே புழு கொடியிடம் கெஞ்சியது.

"அக்கா, ஓர் இலையை மடித்துக் கொடு. ஒதுங்கிக்கொள்கிறேன்."

"தின்ற வாய்க்கு உறைக்கட்டும்" என்ற கொடி, தன் இலைகளையெல்லாம் அசுவினிகளின் மேல் சுருட்டிக்கொண்டது.

கரைசல் புழுவின் மேல் மட்டும் விழுந்தது. அது துடித்து உதிர்ந்ததும், "இனி உனக்குக் கவலையில்லை, தாயே" என்றது எறும்பு. கொடிக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, குருத்துகள் ஒவ்வொன்றாகக் கருகத் தொடங்கும்வரை.

வேறு சிலர், புழு பிழைத்துச் சிறகு முளைத்துத் திரும்பியதாக முடிப்பர். அவர்கள் கதையிலும், அது வந்து அமரப் பந்தற்கால் மட்டுமே மிஞ்சியிருந்தது.