பூஜை போட்ட மெஷின்

“இதை யாரு தலையில மாட்டியிருந்தீங்க? அதைச் சொல்லு முதல்ல” என்றாள் செண்பகவல்லி.

ரசீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த காசிராஜனை ஓரக்கண்ணால் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, செண்பகவல்லி அழகுக்கலைப் பயிற்சிப் பள்ளி தொடங்கப் போகிறாள். வெள்ளிக்கிழமை திறப்பு. சேர வேண்டிய பெண்கள் சேர்ந்தாயிற்று. முடி உலர்த்தும் மெஷின் மட்டும்தான் பாக்கி. உட்கார்ந்தவர் தலைமேல் குடத்தைக் கவிழ்த்தது போல நிற்குமே, அந்த மெஷின்.

அதற்காகக் கழுத்துச் சங்கிலியை விற்றிருந்தாள். அந்தப் பணம் ஒரு மெஷினுக்குத்தான் காணும். ஏமாந்தால் பள்ளியும் இல்லை, சங்கிலியும் இல்லை. “நான் அப்பவே சொன்னேம்லா” என்று ஆரம்பிக்க வீட்டில் புருஷன் காத்துக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லியோ லேசில் ஏமாறுகிறவள் இல்லை. கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகக் காம்பைத் தூக்கிப் பார்ப்பாள். பழைய மெஷினையும் புது மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னதே அவளுடைய சாமர்த்தியம்தான்.

ரசீதா கடையநல்லூர்க்காரி. துபாயிலிருந்து வந்த புருஷன் கொண்டுவந்த மெஷினை, அவன் திரும்பிப் போக விசாவுக்குப் பணம் வேண்டும் என்பதால் விற்க வந்திருந்தாள். அதன் மூடி முழுக்கக் கீறல். கம்பெனிப் பெயர் பாதி அழிந்திருந்தது.

காசிராஜன் மதுரையிலிருந்து புது மெஷினோடு வந்திருந்தார். ஒட்ட வெட்டிய கிராப்பு, காக்கி பேன்ட், கையில் தோல்பை. பார்க்க ஆபீசர் மாதிரி இருந்தார். அவருடைய மெஷின் பளபளவென்று நின்றது. மூடியைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது.

“டீச்சரம்மா, புதுச் சாமானை அப்படியே கொடுக்க மனசு வரல. பெட்டியப் பிரிச்சு, கோமதியம்மன் கோயில் வாசல்ல வச்சுப் பூஜை போட்டுக் கொண்டாந்திருக்கேன்.”

செண்பகவல்லிக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. இந்தக் காலத்தில் எந்த வியாபாரி இப்படிச் செய்கிறான்?

“உன்னத்தான கேக்கேன் ரசீதா. எத்தனை வருஷம் ஓடுன மெஷின் இது?”

ரசீதா மறுபடியும் காசிராஜனைப் பார்த்தாள். “நல்ல மெஷின்க்கா. போட்டுப் பாருங்க.”

“நல்லதுன்னா சொல்லதுக்கு என்ன தயக்கம்?” என்று முணுமுணுத்தபடி செண்பகவல்லி சுவிட்சைத் தட்டினாள். மூடிக்குள் காற்று இரைந்தது. கூடவே ஒரு கருகல் வாடையும், மெல்லிய புகையும் வந்தன.

“ஆஃப் பண்ணுங்க டீச்சரம்மா! உள்ள கம்பி கருகுது. நாளைக்கு ஒரு பொம்பளப் பிள்ளை தலை பொசுங்கிட்டுன்னா யாரு பதில் சொல்லதுக்கு?” என்று காசிராஜன் எழுந்தே விட்டார்.

அதற்குள் புகை தானாகவே அடங்கி, சுத்தமான சூடு வரத் தொடங்கியிருந்தது. அதை நின்று கவனிக்க செண்பகவல்லிக்குப் பொறுமை இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டாள்.

புது மெஷின் போட்டதும் சூடாக ஊதியது. ஒரு வாடை இல்லை, ஒரு பொட்டுப் புகை இல்லை. பணத்தைக் கொடுத்தாள். மதுரை பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று காசிராஜன் காப்பிகூடக் குடிக்காமல் படியிறங்கினார்.

ரசீதா தன் மெஷினோடு வேனுக்காகக் காத்திருந்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் செண்பகவல்லி தான் தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் கூந்தலை நனைத்துக்கொண்டு புது மெஷினுக்கு அடியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மடியில் பொடிப் பொடியாக ஏதோ விழுந்தது. சூட்டில் காய்ந்த சந்தனம். அண்ணாந்து பார்த்தாள். சந்தனப் பொட்டு உதிர்ந்த இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது.

பதறிப்போய் அடுத்த பொட்டைத் துடைத்தாள். அங்கேயும் துரு. நகத்தால் சுரண்டினாள். வெங்காயச் சருகு போல பெயின்ட் உரிந்து வந்தது. அதற்கு அடியில் வேறு நிறத்தில் இன்னொரு பெயின்ட். யாரோ போட்டுத் தேய்த்து ஒதுக்கிய மெஷினுக்கு மேல்பூச்சுப் பூசி, அம்மன் பெயரைச் சொல்லித் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான்!

மாடி விளிம்புக்கு ஓடினாள். மதுரை பஸ் போன புழுதிதான் தெரிந்தது. செண்பகவல்லி அப்படியே சுவரில் சாய்ந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“அழாதீங்கக்கா” என்று ரசீதா பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஒருத்தன் பூசி மெழுகி ஏமாத்திட்டான். நீயாவது உண்மையச் சொல்லும்மா. உன் மெஷின் எத்தனை வருஷம் ஓடுனது?”

ரசீதா வாசலை எட்டிப் பார்த்தாள். “அந்த ஆளு போயிட்டாருல்லா? பாக்க கஸ்டம்ஸ் ஆபீசரு கணக்கா இருந்தாரு. மெஷின் விக்கிற மாதிரி வந்து வேவு பாக்காரோன்னு பயந்துபோயி வாயத் தொறக்கல.”

“கஸ்டம்ஸா? இதுக்கும் கஸ்டம்ஸுக்கும் என்ன?”

“அது ஓடவே இல்லக்கா. புதுக் கம்பி மொத தடவ சூடானதுலதான் கொஞ்சம் புகைஞ்சுது. ஏர்போர்ட்டுல பழசுன்னு நம்பி வரி போடாம விடணும்னு, எங்க வீட்டுக்காரவுகதான் புது மெஷின உப்புத்தாள் போட்டுத் தேச்சாக!”