கேபினுக்குள் ஒரு தோடு

தோட்டத்துத் தண்டவாளத்தில் நிஜமான நீராவியில் ஓடும் அவருடைய குட்டி இன்ஜினுக்கு, டிரைவர் கேபினில் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. பித்தளைக் குழாய், பிரஷர் மீட்டர், கரி அள்ளும் கரண்டிகூட வந்துவிட்டது. வால்வைத் திருகும் சின்னச் சக்கரமும், வட்ட ஜன்னலுக்கு வளையமும்தான் எங்கு அலைந்தும் கிடைக்கவில்லை.

"தலை போற காரியம் பாருங்க!" என்று நொடித்தாள் மனைவி.

மறுநாள் அவருடைய மேஜைக்கடியில் ஏதோ மின்னியது. மனைவி தினமும் போடும் தோடு! வட்டமாக, வால்வுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. கொடுத்துவிடத்தான் எடுத்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அது வால்வில் ஏறிவிட்டது.

"என் தோடு ஒண்ணைக் காணோம்ங்க. பார்த்தீங்களா?"

"நானா தோடு போட்டுக்கறேன்?"

கட்டிலுக்கடியில் அவள் தவழ்ந்து தேடியதைப் பார்த்தபின் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஓடிப்போய் ஒரு ஜோடி தங்கத்தோடு வாங்கி வந்தார், பழையதைவிடப் பெரிதாக.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ரோஜாச்செடியைச் சுற்றி வந்து நின்றது. மனைவி குனிந்து கேபினுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கச்சிதமா உக்காந்திருக்கே! என் தோடு மாதிரியும் இருக்கணும், வால்வுக்கும் பொருந்தணும்னு கவரிங் கடையில பாதி நாள் நின்னேன். என்னோடது பத்திரமா பீரோவுல இருக்கு."

புதுத்தோடு மினுமினுக்க அவள் நிமிர்ந்தாள்.

"ஆமா, அந்த ஜன்னல் வளையம் மோதிர அளவா, வளையல் அளவா?"