வாத்துக் காவல்

“ரெண்டே மாசத்துல ஒம்பது கோழி போச்சுக்கா! மிச்சம் மூணுதான் இருக்குது” என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தர்மவதியிடம் பொரிந்து தள்ளினாள் அமலோற்பவம்.

“கீரியா, காட்டுப்பூனையா?”

“இன்னாவோ ஒண்ணு. ஞாயித்துக்கெழம ஆனா தவறாம வந்துடுது. வெரட்டவும் முடியல.”

“கோழிங்களோட ரெண்டு பெரிய வாத்த வுடு. எங்க அண்ணன் கொல்லையில இருக்குது. புதுசா எது வந்தாலும் கோட்டை மலை வரைக்கும் கேக்குறாப்போல கத்திக்கிட்டு, கொத்தப் பாயும்.”

அந்த வாரமே அவலூர்பேட்டைச் சந்தையிலிருந்து இரண்டு வெள்ளை வாத்துகள் வந்துவிட்டன. முதல் கொத்து, வாங்கி வந்த புருஷன் பிலவேந்திரனுக்கு. இரண்டாவது, தபால்காரருக்கு.

“என் வூட்டுக்குள்ள என்னையே வுட மாட்டேங்குதுடி! திருப்பிக் குடுத்துட்டு வரேன்.”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க!”

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த அமலோற்பவம் இன்னும் புடவைகூட மாற்றவில்லை. வாசலில் வாத்துகள் தெருவே அதிரக் கத்தின. விளக்குமாற்றோடு ஓடிவந்தாள் தர்மவதி.

“வந்துடுச்சா அமலு? எங்க அது?”

அமலோற்பவம் வாசலைக் காட்டினாள்.

வல்லம் பஸ்ஸில் வந்து இறங்கிய மாப்பிள்ளை காஸ்பர், கொத்துக்கு எட்டாமல் மாட்டுவண்டி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“வாரா வாரம் கோழியே அடிச்சுக் கொழம்பு வெக்கிறீங்களேன்னு போன தடவ சும்மா சொன்னேன் அத்தே. அதுக்காக வாத்து வாங்கிட்டீங்களா!”